கிடையா, கொட்டிலா, வேலி மேய்ச்சலா? 160 செம்மறிக்கு எங்கள் குடும்பம் போட்ட கணக்கு

சித்தப்பாவிடம் 160 உருப்படி செம்மறி இருக்கிறது. அவருக்கு வயது அறுபத்திரண்டு. போன மழைக்காலத்திலிருந்து வலது முழங்காலை மடக்கி உட்கார முடியவில்லை. அவர் மகனுக்கு, அதாவது என் தம்பிக்கு, ஒரு பெண் குழந்தை. வருகிற ஜூனில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஆடு, முழங்கால், பள்ளிக்கூடம் மூன்றும் ஒரே வருடத்தில் வந்து நின்றதால் இத்தனை காலம் தள்ளிப்போட்ட பேச்சை இனித் தள்ள வழியில்லாமல் போனது. ஆட்டை ஓட்டிக்கொண்டு இன்னும் ஊர் ஊராகப் போவதா, ஓர் இடத்தில் வைத்து வளர்ப்பதா?

எங்கள் ஊர் இளையான்குடிப் பக்கம். சிவகங்கை, ராமநாதபுரம் சீமையில் கிடை போட்டு, அதாவது ஆட்டை ஊர் ஊராக ஓட்டிப்போய் ராத்திரி வயலில் அடைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் நிறைய உண்டு. கிடையை நடத்துகிறவரைக் கீதாரி என்போம். நானும் எட்டு வயது வரை கிடையோடு நடந்தவன்தான். அப்புறம் அம்மா என்னைப் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்க வைத்தாள். இப்போது மதுரையில் கணக்கு எழுதும் வேலை. அதனால் வீட்டில் நோட்டும் பேனாவும் என் கையில் வந்தது. ஆவணியில் தொடங்கி மார்கழி வரை நாங்கள் உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்கிற குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எங்கள் முடிவு அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம், எந்தெந்த இடத்தில் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதாவது தெரியும்.

நடக்கிற ஆடு எதில் சம்பாதிக்கிறது

கிடையில் வருமானம் இரண்டு. ஒன்று குட்டி. எங்கள் பக்கத்து ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர்ப் பொட்டாடு எல்லாம் கறிக்கான இனங்கள், ரோமத்துக்கு விலை கிடையாது. ஐந்து மாதச் சினை, பெரும்பாலும் ஒற்றைக் குட்டி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம். கிடாய்க் குட்டிகள் பக்ரீதுக்கும் தீபாவளிக்கும் கோயில் கொடைகளுக்கும் விலை போகும். இது எந்த முறையில் வளர்த்தாலும் உண்டு.

இன்னொன்று புழுக்கை. இது நடக்கிற ஆட்டுக்கு மட்டும் உள்ள வருமானம். அறுவடை முடிந்த வயலில் இரவு ஆட்டை அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்குப் போகிறது. ஆட்டு எருவில் தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2 என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. சாதாரணத் தொழு உரத்தில் இது முறையே 0.5, 0.2, 0.5. மாட்டெரு மறுவருடம் பேசும், ஆட்டெரு அதே வருடம் பேசும் என்று ஊரில் சொல்வது வெறும் பேச்சு இல்லை. மூத்திரத்தில் இருக்கிற தழைச்சத்து வெயிலில் ஆவியாகிப் போய்விடும் என்பதால், விவரம் தெரிந்த விவசாயி கிடை எழுந்த கையோடு ஓர் உழவு ஓட்டிவிடுவார். இதற்கு அந்தக் காலத்தில் நெல்லாகக் கொடுத்தார்கள், இப்போது ராத்திரிக்கு இத்தனை ஆட்டுக்கு இவ்வளவு என்று ரொக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொட்டிலில் ஆட்டின் தீவனத்துக்கு நாம் காசு கொடுக்கிறோம். கிடையில் ஆடு அறுத்த நெல்லின் தாளை மேய்ந்ததற்கும், வரப்புப் புல் கடித்ததற்கும், களை தின்றதற்கும் சேர்த்து வயல்காரர் நமக்குக் காசு கொடுக்கிறார். சித்தப்பா இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “ஆட்டுக்குக் காலுதாம்ப்பா வாய். காலைக் கட்டிப் போட்டா, வாய்க்கு நீதான் தேடிக் கொண்டாந்து போடணும்.”

எங்கள் சீமைக்கு ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை என்று புத்தகத்தில் இருக்கும். கேட்க நல்ல அளவாகத்தான் தெரியும். ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் விழுந்து முடிந்துவிடும். தை கழிந்தால் கண்மாய் வற்றும், மாசியில் கரைப்புல் காயும், பங்குனியில் சீமைக்கருவேல நெற்று தவிர ஆட்டுக்கு வேறு தீனி இல்லை. அதே நேரத்தில் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் சம்பா அறுத்து வயல் திறக்கிறது. ஜூன் 12 வழக்கப்படி மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேரும் வரை அந்த வயல்கள் ஆட்டுக்குக் கிடைக்கும். இங்கே இல்லாதபோது அங்கே இருக்கிறது, அங்கே வயலில் தண்ணீர் நிற்கும்போது இங்கே மேட்டில் புல் இருக்கிறது. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் நடப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். தேவகோட்டை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை தாண்டி மன்னார்குடிப் பக்கம் போய்ச் சேர்வது எங்கள் வழி.

அந்த வழியும் முன்பு போல இல்லை. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே நெல்லுக்கு நடுவில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறார்கள். அந்த வயலில் பங்குனி, சித்திரை வரை ஆடு கால் வைக்க முடியாது. முன்பும் தெளித்தார்கள்தான், ஆனால் தரிசாகக் கிடக்கும் வயல் வழியெல்லாம் கிடைக்கும். இப்போது எந்தத் திக்கில் பயறு, எந்தத் திக்கில் வெறுந்தாள் என்று முன்கூட்டியே தெரியாமல் கிளம்பினால் நடுவழியில் பத்து நாள் ஆடு பட்டினி. தம்பி இதைச் செல்போனில் கேட்டுக்கொண்டே நடக்கிறான். சித்தப்பா காலத்தில் இதற்கென்று ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

நெற்று விஷயமும் உண்டு. சீமைக்கருவேல நெற்றை ஆடு ஆசையாகத் தின்னும், சதை பிடிக்கும். ஆனால் விதை செரிக்காமல் புழுக்கையோடு வந்து முளைக்கும். நெற்று தின்ற ஆட்டை நேராக நஞ்சையில் கிடை மறித்தால் அடுத்த வருடம் அந்த விவசாயி நம்மை வரப்பில் ஏற்ற மாட்டார். சித்தப்பா வழியில் சில நாள் வேறு மேய்ச்சலில் ஆட்டை நிறுத்திவிட்டுத்தான் வயலுக்குள் விடுவார். எழுதி வைத்த ஒப்பந்தம் எதுவும் கிடையாது. இருபது வருடமாக அதே நான்கு விவசாயிகள் அவரைக் கூப்பிடுவதற்கு இப்படியான காரியங்கள்தான் காரணம்.

உரிமை என்று பார்த்தால் கையில் எதுவும் இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் நாடோடி மேய்ப்பர்களின் பருவகால மேய்ச்சலை உரிமையாக ஏற்றிருக்கிறது. அது காட்டுக்குப் போகிறவர்களுக்கு. எங்கள் ஆடு போவது வயலுக்கும் கண்மாய்க்கரைக்கும். மேய்க்கால் புறம்போக்கு என்று வருவாய்க் கணக்கில் இருக்கும் நிலத்தை நேரில் போய்ப் பார்த்தால் வீடோ வேலியோ இருக்கும். ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி 2011இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. எங்கள் வழியில் அதனால் திறந்த நிலம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

கொட்டிலில் கட்டினால்

தம்பியின் முதல் விருப்பம் இதுதான். யூடியூபில் பரண் மேல் ஆடு வளர்ப்பு வீடியோ பார்க்காத இளைஞன் எங்கள் ஊரில் இல்லை. அவன் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். மகளைத் தினமும் பார்க்கலாம், மழையில் நனைய வேண்டாம், ராத்திரி தூங்கலாம். தேசிய கால்நடை இயக்கத்தில் 2021க்குப் பிறகு ஆட்டுப் பண்ணைக்கு 50 சதவீத மானியம், 500 பெட்டை 25 கிடாய் அளவுக்குப் போனால் 50 லட்சம் வரை உண்டு. மீதியைக் கையிலிருந்தோ கடனிலோ நாம் போட வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். வளர்ந்த ஆட்டுக்கு நாளைக்கு நான்கு கிலோ பசுந்தீவனம் என்று வைத்தால் 160 ஆட்டுக்கு 640 கிலோ. அடர்தீவனம் ஆட்டுக்கு 150 கிராம் வீதம் 24 கிலோ. குடிதண்ணீர் மட்டும் கோடையில் 640 லிட்டருக்குக் குறையாது. ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி வீதம் 1,600 சதுர அடிக்குக் கூரை, அதைப்போல் இரண்டு மடங்கு திறந்த இடம். கோ எஃப்.எஸ். 29 என்ற தீவனச் சோளம் போட்டால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 190 டன் வரை அறுக்கலாம் என்கிறார்கள். அந்தக் கணக்குப்படி மூன்று ஏக்கர் பாசன நிலம் இருந்தால் சோளம் கிடைத்துவிடும். சோளம் மட்டும் போட்டு ஆடு வளராது என்பதால் வேலிமசால், அகத்தி, சூபாபுல் என்று இன்னும் ஓர் ஏக்கர்.

எங்களிடம் இருப்பது ஒன்றரை ஏக்கர், கிணற்றுத் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரைச் செம்மறி ஓரளவுக்குக் குடித்துத் தாங்கும், தீவனச் சோளம் அந்த அளவுக்குத் தாங்காது. கோடையில் தீவனத்தை விலைக்கு வாங்குகிற கொட்டில், பால் விலை மாதிரி மாதாமாதம் காசு வருகிற தொழிலாக இருந்தால் தாக்குப்பிடிக்கலாம். குட்டிக் காசு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் வரும். தீவனக் காசு தினமும் போகும்.

காரைக்குடிப் பக்கம் ஒரு கொட்டிலைப் போய்ப் பார்த்தோம். உரிமையாளர் நல்ல மனிதர், எதையும் மறைக்காமல் காட்டினார். கூரை, தண்ணீர்த் தொட்டி, தீவன அறை எல்லாம் சுத்தம். சித்தப்பா அதையெல்லாம் பார்க்கவில்லை. நேராக ஓர் ஆட்டின் முன்னங்காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். தேயாமல் நீண்டு முன்னால் வளைந்திருந்தது, இடுக்கில் ஈரமும் நாற்றமும். அடுத்த ஆட்டைப் பார்த்தார், அதுவும் அப்படித்தான். நடக்கிற ஆட்டுக்குக் குளம்பு தரையில் தேய்ந்துகொண்டே இருக்கும். கட்டி வைத்த செம்மறிக்கு மாதக்கணக்கை வைத்துக் குளம்பு சீவ வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும், குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் வராமல் பார்க்க வேண்டும். அந்தப் பண்ணைக்காரரே சொன்னார், வெள்ளாடு கொட்டிலுக்கு இணங்கும், செம்மறி அவ்வளவாக இணங்காது, தான் இனத்தை மாற்றப் போவதாக.

இந்த இடத்தில் தம்பியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நோய்க்கு மருந்து என்று வந்தால் கொட்டிலுக்கு வசதி அதிகம். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி ஒரு தடவை போட்டால் மூன்று வருடம் தாங்கும். துள்ளுமாரி நோய்க்கு மழைக்கு முன்னாலேயே போட வேண்டும், முதல் மழைக்கு முளைக்கிற இளம்புல்லை ஆடு வயிறு முட்டத் தின்றால் அது பாயும். நீலநாக்கு நோய் மழைக்காலப் பூச்சியால் பரவுகிறது. ஊரில் நிற்கிற ஆட்டுக்கு முகாம் எப்போது என்று தெரியும். நடக்கிற ஆடு முகாம் நாளில் எந்த ஊரில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. காதில் அடையாள வில்லை போட்டுக் காப்பீடு எடுத்தாலும், ஆடு செத்த இடத்தில் மருத்துவர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது, இப்போது அது பெரிய உதவி. ஆனாலும் வயலுக்கு நடுவில் எந்தத் திட்டு என்று வழி சொல்வதற்குள் ஆடு போய்விடுகிறது.

கொங்கு நாட்டு வழி

மூன்றாவது யோசனை என்னுடையது. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் போயிருப்பவர்கள் கொரங்காட்டைப் பார்த்திருப்பார்கள். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாடும் மேச்சேரி ஆடும் மேய்ப்பவன் இல்லாமலே உள்ளே மேயும். ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து அதுவே தீவனமாகும். எங்களைவிட மழை குறைந்த பகுதி அது. தலைமுறை தலைமுறையாக அங்கே கால்நடை நிற்கிறது என்றால் அந்த முறையில் ஏதோ இருக்கிறது. நடைக்கும் கொட்டிலுக்கும் நடுவில் இது நல்ல வழி என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அந்த நிலங்களைப் பார்த்தால் மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

ஆனால் கணக்கு இடம் கொடுக்கவில்லை. மானாவாரிப் புல்வெளியில் ஏக்கருக்கு மூன்று, நான்கு ஆட்டுக்கு மேல் தாங்காது. 160 ஆட்டுக்கு நாற்பது ஏக்கர் வேண்டும். எங்கள் ஊரில் தரிசு நிலம் குத்தகைக்குக் கிடைக்கும், அதில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். எடுத்தாலும் கொழுக்கட்டைப் புல் நீர் தேங்குகிற களியில் நிற்காது. கொங்கு நாட்டுச் செம்மண் வேறு, கண்மாய்ப் பாசனத்து எங்கள் மண் வேறு. ஐப்பசி மழையில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் புல் அழுகிவிடும். வேலியும் புல்லும் பிடித்து ஆடு விடும் நிலைக்கு வர இரண்டு மூன்று வருடம், அதுவரை ஆட்டுக்கு என்ன வழி?

அதோடு கடந்த சில ஆண்டுகளாக அந்தப் பகுதியில் தெருநாய்கள் கூட்டமாகப் புகுந்து பட்டி ஆடுகளைக் கடித்துக் குதறுகின்றன. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்தார்கள். ஆளில்லாத மேய்ச்சல் என்பதுதான் கொரங்காட்டின் வசதி, இன்றைக்கு அதுவே அதன் பலவீனமாகிவிட்டது. கிடையில் ராத்திரி ஆள் படுத்திருக்கும், நாய் இருக்கும். அதனால் என் யோசனையை நானே கீழே வைத்தேன்.

மொத்தத்தையும் விற்றுவிட்டுக் காசை வங்கியில் போடுவதும் ஒரு யோசனையாக வந்தது. சித்தி அதைக் கேட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். வட்டியைக் கணக்குப் பார்த்தால் குட்டி வருமானத்தில் பாதிகூட வரவில்லை. அதற்கு மேல் அதைப் பேசவில்லை.

யார் நடப்பது

இதுவரை எழுதியதெல்லாம் ஆட்டுக் கணக்கு. கிடைதான் லாபம் என்று அது சொல்கிறது. ஆனால் அந்த லாபத்துக்குள் எழுதப்படாத கூலி இருக்கிறது. அதை எழுதாமல் முறையை ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு பொய்.

கிடையில் விடியற்காலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இருட்டு பிரியும் முன்னால் குட்டிக்கூட்டைத் தூக்குவார்கள். மூங்கிலில் பின்னிய கவிழ்த்த கூடு, உள்ளே இருபது முப்பது குட்டி. தூக்கியதும் எல்லாம் ஒரே கத்தலாக ஓடும், தாய்களும் பதிலுக்குக் கத்தும். இரண்டு நிமிடம் காது அடைத்துப்போகும். பிறகு ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கும். தாய் குட்டியின் பின்புறத்தை மோந்து பார்த்து, தன்னுடையது என்றால் மட்டும் காலை அகட்டி நிற்கும். எந்தக் குட்டி பால் கிடைக்காமல் இன்னும் அலைகிறது என்று பார்ப்பது சித்தியின் வேலை. தாய் செத்த குட்டியை வேறொரு மறியிடம் (பெண் ஆட்டிடம்) பிடித்து ஊட்டுவாள், மறி உதைக்கும், தொடையில் வாங்கிக்கொள்வாள். அதை முடித்துவிட்டுக் கஞ்சி காய்ச்சுவாள். வலையையும் முளைக்கம்பையும் பிடுங்கிச் சுருட்டி அடுத்த வயலுக்குத் தலையில் சுமப்பாள். தண்ணீருக்கு வாய்க்கால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் நடப்பாள். குளிக்க மறைவு கிடையாது, மாதத்தில் அந்த மூன்று நாளுக்கு ஒதுங்க இடம் கிடையாது. இப்படி நாற்பது வருடம். எங்கள் நோட்டில் அவள் பெயரில் ஒரு ரூபாய் கூலி எழுதியதில்லை.

ஒருநாள் பேச்சு முற்றியபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: “ஆடு போகட்டும். நான் நடந்தது போதும். இந்தப் புள்ள நடக்க வேணாம்.” மருமகளைக் காட்டித்தான் சொன்னாள். அதற்குப் பிறகு பேச்சின் போக்கே மாறிவிட்டது.

பெண்கள் நிற்கிறார்கள் என்றால் அந்த வேலைக்கு ஆள் வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைத் திறந்து எழுத வேண்டும். ஆடு மேய்க்கச் சின்னப் பையன்களை முன்பணம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வரும் வழக்கம் கிடைகளில் இருந்தது, இன்னும் முழுவதும் ஒழியவில்லை. டெல்டா மாவட்டங்களில் அப்படிப் பிடிபட்டு மீட்கப்பட்ட சிறுவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்பச் செய்தி வருகிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கொத்தடிமை முறை. சட்டம் இருக்கட்டும், எட்டு வயதில் தூக்குவாளியோடு ஆட்டின் பின்னால் நடந்த எனக்கு அது என்ன என்று தெரியும். என் பின்னால் அம்மா இருந்தாள், அந்தப் பையன்களுக்கு யாரும் இல்லை. பெரிய ஆளுக்குப் பெரிய ஆள் கூலி கொடுத்துக் கிடை கட்டுபடியாகவில்லை என்றால் கிடையை விட்டுவிட வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

அதனால் நோட்டில் புதிய பக்கம் போட்டோம். வருடம் முழுவதும் இரண்டு பெரிய ஆளுக்குக் கூலி எழுதினால் கிடையின் லாபம் நன்றாகவே சுருங்குகிறது. கொட்டிலோடு வைத்துப் பார்த்தால் அப்போதும் கொஞ்சம் மேலே நிற்கிறது, ஆனால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் அளவு வித்தியாசம் இல்லை. ஒரு மழை பொய்த்தால் நிலைமை மாறும். மழை பொய்த்த வருடத்தில் கொட்டில்காரர் தீவனத்துக்கு அலைவார், கொரங்காட்டில் புல் இருக்காது, கிடைக்காரர் மட்டும் மழை பெய்த ஊரைத் தேடிப் போய்விடலாம். இந்த ஒன்றுக்கு மற்ற எந்த முறையிலும் ஈடு கிடையாது. வறண்ட சீமையில் வருடத்தை விட்டுவிட்டுப் பத்து வருடத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும், அதில் இரண்டு மூன்று வருடம் கட்டாயம் காய்ந்ததாகத்தான் இருக்கும்.

கணக்குப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. நாங்கள் கேள்வியையே தப்பாகப் போட்டிருந்தோம். கிடையா கொட்டிலா என்று ஆட்டை வைத்துக் கேட்டோம். நடப்பதால் லாபம் ஆட்டுக்கு, நடப்பதால் நட்டம் பெண்களுக்கும் குழந்தைக்கும். இரண்டையும் எதற்கு ஒரே கயிற்றில் கட்ட வேண்டும்? ஆடு நடக்கட்டும், குடும்பம் நிற்கட்டும். அப்படி நடத்த எத்தனை ஆடு வேண்டும், எத்தனை மாதம் நடக்க வேண்டும், எத்தனை ஆளுக்குக் கூலி கொடுக்க முடியும் என்று கேட்டால் விடை வருகிறது.

எடுத்த முடிவு

160இல் பல் போன கிழட்டு மறிகள் பதினைந்தை விற்கிறோம். நிறைசினையும் நோஞ்சானுமாக முப்பது வீட்டில் நிற்கும். அதற்குப் பெரிய பரண் தேவையில்லை, இருக்கிற தொழுவத்தில் தரையை மேடாக்கி மண்ணைத் திம்மிசு போட்டு இறுக்கினால் போதும். நாற்பது சென்டில் சோளம், வரப்பில் அகத்தி, வேலிமசால் கொஞ்சம். அது அந்த முப்பதுக்குப் பாதித் தீவனம் தரும், மீதிக்குக் கண்மாய்க்கரையும் நெற்றும் உண்டு. மருமகளும் சித்தியும் அதைப் பார்த்துக்கொள்வார்கள், அதில் வருகிற குட்டிக் காசு அவர்கள் இருவர் பெயரில் அஞ்சலகச் சேமிப்பில் போகும். இது சித்தியின் நிபந்தனை. எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டோம், நாற்பது வருடம் தாமதமாக.

நடக்கப் போவது 115 ஆடு. தனியாக இரண்டு ஆளுக்குக் கூலி கொடுக்க அது போதாது. பக்கத்து ஊர் மாமாவிடம் 140 இருக்கிறது, அவருக்கும் இதே கவலை. இரண்டு மந்தையும் ஒரே கிடை. தம்பியும் மாமா மகனும் மாதம் மாறி மாறிப் போவார்கள், கூடவே கூலிக்கு இரண்டு பெரிய ஆட்கள். 255 ஆடு ஒரே வயலில் கிடந்தால் வயல்காரருக்கும் மூன்று ராத்திரியில் முடிய வேண்டியது இரண்டு ராத்திரிக்குள் முடிகிறது, அதனால் கிடைக்கூலி பேசுவது எளிது. நடை தை முதல் ஆனி வரை மட்டும், மற்ற மாதங்களில் ஊரைச் சுற்றித்தான் மேய்ச்சல். கிளம்பும் முன் எல்லா ஆட்டுக்கும் ஆட்டுக்கொல்லி ஊசி, காதில் வில்லை. போகிற வழியில் எந்த வாரம் எந்த ஊர் என்று எழுதி, ஊர்க் கால்நடை மருந்தகத்தில் ஒரு தாள் கொடுத்திருக்கிறோம். கேட்டதும் அங்கிருந்தவர்களுக்கே ஆச்சரியம். 2024இல் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் முதல் முறையாக நாடோடி மேய்ப்பர்களைத் தனியாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள், அதுவரை நாங்கள் எந்தப் பட்டியலிலும் கிடையாது. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. இந்த நேரத்தில் வழித்தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார் என்று நம்பிக்கை இருக்கிறது.

வேறு குடும்பம் இதே கேள்வியோடு உட்கார்ந்தால் விடை வேறாக வரலாம். பாசன நிலம் நான்கு ஏக்கரும் நல்ல தண்ணீரும் உள்ளவர், அதிலும் கன்னி ஆடு, கொடி ஆடு மாதிரி வெள்ளாடு வைத்திருப்பவர், தாராளமாகக் கொட்டிலுக்குப் போகலாம். கொங்குச் செம்மண்ணில் சொந்தக் காடு இருப்பவர் ஆட்டை நடத்த வேண்டிய அவசியமே இல்லை, அவர் பணத்தை நாய் நுழையாத வேலியில் போட்டால் போதும். நிலமே இல்லாமல் ஆடு மட்டும் உள்ளவருக்குக் கொட்டில் யோசனை சொல்பவரை நம்ப வேண்டாம். மானியம் தொடக்கச் செலவுக்குத்தான் வரும், தினசரித் தீவனத்துக்கு வராது.

மாமாவின் ஆட்டுக்கு இடது காதில் வெட்டு, எங்களுடையதுக்கு வலது காதில். காணும் பொங்கல் முடிந்த மறுநாள் இரண்டு மந்தையும் ஒன்றாகக் கிளம்புகிறது. சித்தப்பா மட்டும் இன்னும் ஒரு விஷயத்தில் இறங்கி வரவில்லை. தேவகோட்டை வரை பஸ்ஸில் போய், முதல் ராத்திரிக் கிடையைத் தானே நின்று மறித்துக் கொடுத்துவிட்டு மறுநாள் திரும்பி வந்துவிடுவேன் என்கிறார். முழங்காலுக்குக் கட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.